எல்லோருக்கும் கொஞ்சம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலையில் ராஜபாளையம் போகும்போதும், மாலையில் திரும்பும்போதும், பஸ்ஸில் வலது பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது. வேலைக்குப் போய்வந்த காலமெல்லாம் அந்தப் பக்கத்து ஜன்னலோரத்தில் இடம் பிடித்து, வயதானவர்கள் யாராவது ஏறினால் எழுந்து கொடுத்துவிடுவேன். நீங்கள் எதிர்த் திசையில் வந்திருக்கிறீர்கள். முகமெல்லாம் வேர்த்திருக்கிறது. முதலில் மோரைக் குடியுங்கள், டாக்டர் தம்பி.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. எங்கள் தெரு வெள்ளத்தாயின் சளியை மெட்ராஸில் சோதித்தபோது, அதிலிருந்த காசநோய்க் கிருமி ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படவில்லை என்கிறீர்கள். அந்த மாத்திரையை அவள் வாழ்நாளில் சாப்பிட்டதே இல்லை. அப்படியிருக்க, அதை எதிர்த்து நிற்க அந்தக் கிருமி எங்கே கற்றுக்கொண்டது என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

நான் ராஜபாளையத்தில் நெஞ்சுநோய் மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்தவன். எண்பத்தைந்தாம் வருஷம் டாக்டர் பரிபூரணம் என்ற அம்மா அங்கே வந்தார். மெலிந்த உடம்பு, பெரிய குரல். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் வார்டுக்கு வந்துவிடுவார். அவர் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டையும் அடைப்புமாகச் சில பிள்ளைகள் பிறக்கின்றன. நுரையீரலுக்குப் போகவேண்டிய ரத்தம் சரியாகப் போவதில்லை. உதடும் நகமும் நாவல்பழம் தின்றதுபோல் இருக்கும். அவர்களுக்குக் காசநோய் வந்தால் கடுமையாக வருகிறது. காசம் இருக்கும்வரை நெஞ்சைத் திறந்து இதயத்தைச் சரிசெய்ய முடியாது. பழைய ஊசியும் மாத்திரையும் ஒன்றரை வருஷம் போட்டால்தான் காசம் தீரும். அத்தனை நாள் அந்த இதயம் தாங்காது. புதிதாக வந்த ரிஃபாம்பிசினைச் சேர்த்துக் கொடுத்தால் ஆறு மாதத்தில் நுரையீரல் தேறுமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. தேறியவர்களுக்கு மெட்ராஸில் இலவசமாக இதய அறுவை செய்ய ஒரு மருத்துவமனை ஒப்புக்கொண்டிருந்தது.

பத்துப் பன்னிரண்டு பேரைத்தான் சேர்த்தார்கள். அதற்குமேல் மருந்து இல்லை. அந்தக் காலத்தில் அது தங்கம் மாதிரி. டப்பா பூட்டிய அலமாரியில் இருக்கும். சாவி என் இடுப்பில் இருக்கும். தினமும் காலையில் வெறும் வயிற்றோடு பிள்ளைகள் வருவார்கள். என் கையால் கொடுத்து, விழுங்கியதை நான் பார்க்கவேண்டும். எனக்கு பீடி, குடி எதுவும் கிடையாது, வெள்ளிக்கிழமை ஒருபொழுது. அதனால்தான் என்னிடம் அந்த வேலையைக் கொடுத்ததாக டாக்டரம்மாவே சொன்னார். அந்த மாத்திரை உள்ளே போனால் சிறுநீர் சிவந்துவிடும். டாக்டரம்மா திடீரென்று யாரையாவது கூப்பிட்டு, பாட்டிலில் பிடித்துவரச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால் அவருக்கு நிம்மதி.

வெள்ளத்தாயின் மகள் தங்கபாய் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. பதினான்கு வயது இருக்கும், பார்த்தால் பத்து வயது சொல்லலாம். வெள்ளத்தாய் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்த்தாள். மகளைப் பஸ்ஸில் கூட்டிவந்து என்னிடம் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவாள். பஸ் நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு நடப்பதற்குள் அந்தப் பெண் நாலைந்து இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்தால்தான் அவளுக்கு மூச்சு திரும்பும். ஆனால் வாய் மட்டும் ஓயாது.

முதல் வாரம் என்னிடம் சொன்னாள்: "கம்பவுண்டர் மாமா, ஒண்ணுக்குப் போனா செங்காவியைக் கரைச்சு ஊத்துன மாதிரி வருது. எங்கம்மா பயந்து போயிட்டா."

"ஏட்டி, ஆம்பளைக முன்னால என்ன பேச்சுப் பேசுத?" என்றாள் வெள்ளத்தாய்.

"அவிய கம்பவுண்டருல்லா. ஆம்பளைன்னு யாரு சொன்னா?"

நான் சிரித்தேன். நல்ல பிள்ளை. எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு குன்றின்மேல் பெருமாள் கோயில் இருக்கிறதே, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் கொள்ளாது. ஒவ்வொரு வருஷமும் வெள்ளத்தாய் மகளைக் கீழ்ப்படியில் உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் மேலே போய்க் கும்பிட்டு வருவாளாம். "ஆபரேசன் முடிஞ்ச பொறவு, நடுவுல எங்கயும் உக்காராம ஏறிக் காட்டுதேன் பாருங்க" என்று தங்கபாய் சொல்வாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அந்தக் குன்றின் அடிவாரத்தில்தான் நானும் சனிக்கிழமைகளில் சர்க்கரைப் பொங்கல் வழங்குவேன். இப்போதும் போகிறேன். வரிசை நீளமாகவும் அண்டா காலியாகிக்கொண்டும் இருந்தால் கரண்டியைக் குறைத்துக்கொள்வேன். கை நிறைய வாங்குகிறவர்களுக்கு அரைக் கை. அதுவும் போதாவிட்டால் விரல் நுனியளவு. அவ்வளவுதான் கிடைத்தது என்று யாரும் கோபித்துக்கொண்டதில்லை. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். வெறுங்கையோடு ஒருவரைத் திருப்பி அனுப்புவதுதான் பாவம் என்று நினைக்கிறவன் நான்.

ஆராய்ச்சியில் சேராத நோயாளிகளும் அதே மருந்து ஜன்னலுக்குத்தான் வருவார்கள். அவர்களுக்குப் பழைய ஊசியும் வெள்ளை மாத்திரையும். பக்கத்தில் சிவப்பு மாத்திரை வாங்கும் பிள்ளைகள் ஒரே மாதத்தில் கன்னத்தில் சதை போடுவதை அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முத்துவீரன் என்று ஒருவர். அவரும் தறிக்காரர், மூன்று பெண் குழந்தைகள், இருமினால் ரத்தம் வரும்.

"அண்ணாச்சி, அதுல ஒண்ணு நமக்குக் கெடைக்காதா?" என்று ஒருநாள் கேட்டார்.

"அது ஆராய்ச்சிக்கு வந்ததுய்யா."

"ஆராய்ச்சிக்கு நானும் லாயக்குதான். நெஞ்சுல ஓட்டை இல்லன்னுதான தள்ளுதிய? வேணும்னா ஒண்ணு போட்டுக்கிடுதேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் பிள்ளைகள் வருவதற்கு முன் தங்கபாயின் மாத்திரையை எடுத்தேன். இரண்டு கூடுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும். மெல்ல இழுத்தால் கழன்றுவிடும். உள்ளே செங்கல் நிறத்தில் பொடி. அதில் ஒரு சிட்டிகை ஒரு காகிதத்தில் தட்டிவிட்டு, கூட்டை மறுபடி மூடினேன். மற்றப் பிள்ளைகளின் மாத்திரைகளிலும் அப்படியே எடுத்தேன். ஒருத்தியிடமிருந்து மட்டும் எடுப்பது நியாயம் இல்லை. திருநீறு மடிப்பதுபோல் மடித்து முத்துவீரனிடம் கொடுத்தேன். அவர் அதைக் கும்பிட்டு வாங்கினார். ஒரு பைசா வாங்கியதில்லை. அதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வரவில்லை. அதுதான் என்னை ஊக்கப்படுத்தியது. தங்கபாய்க்குக் காய்ச்சல் நின்றது. எடை கூடியது. குத்தவைத்து உட்காரும் இடங்கள் குறைந்தன. சிறுநீரும் பழைய சிவப்பிலேயே இருந்தது. அந்த மருந்து கொஞ்சம் போனாலும் அதே சிவப்புத்தான். ஆகவே முழு அளவு தேவையில்லை, டாக்டர்கள் பயந்துகொண்டு அதிகமாகக் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

முத்துவீரனும் தேறினார். ரத்தம் வருவது நின்றதும், வலிக்கிறது என்று ஊசியை விட்டுவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. அவர் சொல்லி நூர்னிசா வந்தாள். புருஷன் இல்லாத பெண், தையல் வேலை, கைக்குழந்தை. அவளை எப்படி இல்லையென்று அனுப்புவது? பிறகு அவளுடைய அண்ணன், தறிக்கூடத்து ஆட்கள், நூல் ஆலையிலிருந்து சிலர். எட்டு மணிக்கு முன்னாலேயே பின்கதவுப் பக்கம் நிற்பார்கள். பொட்டலங்கள் கூடக்கூடப் பிள்ளைகளின் மாத்திரையில் பொடி பாதியாயிற்று. என் விரல் நுனி சிவந்தே இருக்கும். வீட்டில் என் மனைவி, வெற்றிலை போடப் பழகிவிட்டேனோ என்று சந்தேகப்பட்டாள்.

மூன்றாம் மாத முடிவில் தங்கபாய்க்குக் காய்ச்சல் திரும்பியது. வேறு சில பிள்ளைகளுக்கும் திரும்பியது. டாக்டரம்மா எக்ஸ்ரே படங்களை ஜன்னலில் ஒட்டிவைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார். ஒருநாள் மருந்து அறைக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வைகுண்டராஜ், உங்களைச் சந்தேகப்படலை. ஆனா கேக்கணும். மாத்திரை ஒழுங்கா உள்ள போகுதா?"

"என் கையாலதான் குடுக்கேன் டாக்டரம்மா. என் கண்ணு முன்னாலதான் முழுங்குதுங்க."

"வாந்தி எடுக்குதா? துப்பிடுதா? எதாவது குறையா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்படின்னா அது நம்ம தப்பு, வேற மருந்து சேர்த்துத் திரும்ப ஆரம்பிச்சிடலாம், இன்னும் நேரம் இருக்கு. முழுசா உள்ள போயும் கேக்கலைன்னா, இந்த இதயத்துக்கு இந்த வைத்தியம் ஒத்துக்கலைன்னு அர்த்தம். அப்புறம் அந்தப் புள்ளைகளைப் போட்டுப் படுத்துறதுல பிரயோசனம் இல்ல."

"ஒரு நாள்கூடத் தவறுனது இல்ல டாக்டரம்மா," என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். என் கையால்தான் கொடுத்தேன். என் கண் முன்னால்தான் விழுங்கினார்கள். ஒரு நாளும் தவறவில்லை. பொய் சொல்லவேண்டிய நிலைமை வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. பெருமாள் அப்படி ஒரு சங்கடத்தை எனக்குத் தரவில்லை. அந்த நேரத்தில் பின்கதவில் இருபது பேருக்குக் குறையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். நான் வேறு விதமாகப் பேசியிருந்தால் அவர்கள் எல்லோருக்கும் அன்றோடு மருந்து நின்றிருக்கும். சில பிள்ளைகளுக்காக அத்தனை பேரின் பிழைப்பில் மண்ணைப் போடுவதா? நீங்களே சொல்லுங்கள்.

தங்கபாயை மெட்ராஸுக்கு அனுப்புவதில்லை என்று டாக்டரம்மா முடிவு செய்தார். வெள்ளத்தாயிடம் அதை அவரால் சொல்ல முடியவில்லை. நான்தான் சொன்னேன். அவளை உட்காரவைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, பதமாகத்தான் சொன்னேன்.

"இன்னொரு மாசம் பொறுத்துப் பாத்தா ஆகாதா அண்ணாச்சி? எம்புள்ள ராவும் பகலும் அந்த மலையைத்தான் பேசுதா," என்றாள்.

"ஆண்டவன் சித்தம் தாயி. நீ மனசை விட்டுராத," என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கூடவே நானும் அழுதேன். அந்த அழுகையில் நடிப்பு எதுவும் இல்லை.

கைவசம் இருக்கும் மருந்து தீரும்வரை பிள்ளைகளுக்குத் தொடர்ந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அறுவைக்கே போகப்போவதில்லை என்று ஆன பிறகு தங்கபாய்க்கு அந்த மருந்து எதற்கு என்று யோசித்தேன். நூர்னிசாவின் கைக்குழந்தைக்கும் அப்போது இருமல் தொடங்கியிருந்தது. ஆகவே தங்கபாயின் மாத்திரையில் இருந்த பொடி முழுவதையும் எடுத்துக்கொண்டேன். வெறும் கூட்டைக் கொடுத்து ஏமாற்ற மனம் வரவில்லை. கோயில் துளசியை நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, அதை நிரப்பிக் கொடுத்தேன். துளசி மார்புச் சளிக்கு நல்லது.

அவள் கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை.

"மாமா, இப்பல்லாம் செவப்பாப் போகல. வெள்ளையாத்தான் போகுது."

"நோய் கீழ எறங்குதுன்னு அர்த்தம்."

"அப்பம் காய்ச்சல் மட்டும் ஏன் மேல ஏறுது?"

மாத்திரையை விழுங்க அவளிடம் தண்ணீரை நீட்டினேன். ஆனால் டாக்டரம்மா எந்த நாளும் பாட்டிலைக் கேட்கலாம் என்பது நினைவுக்கு வந்தது. ரத்தம் ஊறும் என்று சொல்லி, தினமும் மகளுக்குப் பீட்ரூட் சமைத்துக் கொடுக்கும்படி வெள்ளத்தாயிடம் சொன்னேன். பீட்ரூட் சாப்பிட்டால் எல்லோருக்கும் சிறுநீர் சிவப்பதில்லை. சிலருக்குத்தான் அப்படி ஆகும். தங்கபாய்க்கு ஆயிற்று. அதை அருள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். டாக்டரம்மா ஒரு தடவை பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். அப்படியே கீழே வைத்துவிட்டார்.

ஆவணியில் தங்கபாய் போய்விட்டாள். கடைசி வாரம் மூச்சு வாங்கியதில் பேச்சு குறைந்துவிட்டது. நான் தினமும் சத்திரப்பட்டிக்குப் போய், மாத்திரையை என் கையாலேயே கொடுத்தேன். முழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவாள். அப்படிக் காட்டவேண்டும் என்று முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்தது. அவளைக் குளிப்பாட்டி எடுத்துப் போகும்போது நானும் தோள் கொடுத்தேன். கனமே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மற்றப் பிள்ளைகளில் இரண்டு பேர் தவிர யாரும் பிழைக்கவில்லை. முத்துவீரனுக்கு மறுவருஷம் இருமல் திரும்பியது. இந்தத் தடவை எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. அவருக்கு அடுத்து அவருடைய மூத்த பெண். நூர்னிசா, அவளுடைய குழந்தை, அவளுடைய அண்ணன். எல்லா வீட்டுக்கும் போனேன். எந்த வீட்டுக்கும் வெறுங்கையோடு போனதில்லை. அவர்கள் எல்லோருமே கடைசிவரை என்னைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

டாக்டரம்மா ஆராய்ச்சியை முடித்து, மெட்ராஸில் ஒரு கூட்டத்தில் படித்தார். இப்படிப்பட்ட இதயம் உள்ளவர்களுக்குக் கடுமையான காசம் வந்தால் அந்த மாத்திரையால் பயன் இல்லை என்பதுதான் முடிவு. அதைக் கேட்டவர்கள் அவரவர் ஊரில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அதைக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எத்தனை பேர் என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டாக்டரம்மா ஊரைவிட்டுப் போகும்போது மருந்து அறைக்கு வந்து, "நான்தான் அந்தப் பிள்ளைகளைக் காப்பாத்த முடியலை, நீங்க உங்க கடமையைச் சரியாச் செஞ்சீங்க" என்றார். முகம் வாடிப் போயிருந்தது. அவருக்காக நான் பிரார்த்தனை செய்தேன். இன்றும் செய்கிறேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். அந்தக் கிருமியைக் கொல்லாமல் தொட்டுத் தொட்டு விட்டவன் நான். அரைகுறை மருந்தில் அது எதிர்த்து நிற்கப் பழகியது. மகளின் நெஞ்சில் பழகியது, தாயின் நெஞ்சில் பல வருஷம் பேசாமல் கிடந்து, இப்போது எழுந்திருக்கிறது. நீங்கள் சொன்னதை நான் நன்றாகவே புரிந்துகொண்டேன். இதை எந்த அதிகாரி முன்னாலும் சொல்லத் தயார். நீங்கள் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வெள்ளத்தாய்க்கு இதைச் சொல்லவேண்டுமா என்று யோசிக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. மகள் போன பிறகு அவளுக்கு யாரும் இல்லை. இந்தத் தெருவில் அவளுக்கு வீடு பார்த்துக் கொடுத்தது நான்தான். கோயில் வாசலில் பூக் கட்டிப் பிழைக்கிறாள். ஊசி, ஆஸ்பத்திரி எதையும் நம்பமாட்டாள். "அண்ணாச்சி கையால குடுத்தா சாப்பிடுதேன்" என்று உங்களிடம் சொன்னாள் அல்லவா? அந்த நம்பிக்கை ஒன்றுதான் இப்போது அவளைப் பிழைக்கவைக்கும். அதைக் கெடுக்க வேண்டாம்.

அவளுக்காக நீங்கள் கொண்டுவந்திருக்கும் அந்தப் புது மருந்துகளை என்னிடமே விட்டுவிட்டுப் போங்கள். நாள் தவறாமல் நானே கொடுக்கிறேன். விலை கூடிய மருந்து என்றீர்கள், வீணாகாமல் பார்த்துக்கொள்வேன். அவள் பக்கத்து வீட்டு ஆண்டிச்சாமியும் இரண்டு வாரமாக இருமிக்கொண்டிருக்கிறான், பாவம்.